கணக்கு கோப்பிலே உறங்கலாமா?

வெயிலின் கொடுமையைப் பற்றிப் பாட்டாளித் தோழர்களுக்கு எவரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. சாலைக்குத் தார் போடுபவரும், சாரத்திலே செங்கல் சுமக்கும் சித்தாளும் அதை உடம்பால் அறிந்தவர்கள். ஆனால் அந்த அறிவு மட்டும் அரசு எந்திரத்தை அசைப்பதில்லை. அதற்குக் கணக்கு வேண்டுமாம். சரி, கணக்கே பேசட்டும்!

2010 மே மாதம், ஆமதாபாத் நகரில் வெப்பம் 46.8 டிகிரியை எட்டியது. அந்த ஒரு மாதத்தில் வழக்கத்தைவிட 1,344 பேர் கூடுதலாக மாண்டனர் என்று ஆய்வாளர்கள் பின்னர் கணக்கிட்டனர். உலகம் சூடாகிறது என்று கூறும் ஆராய்ச்சி ஏடுகள் அதற்கு முன்பே மலைபோல் குவிந்திருந்தன. பயன் என்ன? அதைப் படித்த மாநகராட்சி அதிகாரி, மறுநாள் காலை எதைச் செய்வார்?

அந்தச் சாவுகளுக்குப் பிறகே ஆய்வாளர்களும் மாநகராட்சியாரும் ஒன்றாக அமர்ந்தனர். நகரின் மரணப் பதிவையும் வெப்ப அளவையும் ஒப்பிட்டு, எத்தனை டிகிரியில் சாவு பெருகுகிறது என்று கண்டனர். அதன்படி எச்சரிக்கை நிலைகள் வகுத்து, மருத்துவமனையின் கடமை இது, தண்ணீர் வழங்குவோர் கடமை இது என்று பிரித்தனர். 2013-ல் பிறந்த அத்திட்டம் ஆண்டுக்குச் சுமார் 1,190 உயிர்களைக் காத்ததாக 2018-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

எந்த அளவில், எப்போது, யார், என்ன செய்வது? இந்நான்குக்கும் விடை தரும் ஆராய்ச்சியே ஆட்சியாளருக்குப் பயன்படும். "நாங்கள் அன்றே எச்சரித்தோம்" என்று ஆய்வாளர் ஒதுங்குவதையும், "தெளிவாகச் சொல்லவில்லை" என்று ஆள்வோர் தட்டிக்கழிப்பதையும் நாம் ஏற்கமாட்டோம்.

தமிழ்நாட்டிலும் 2024-ல் வெப்ப அலை மாநிலப் பேரிடராக அறிவிக்கப்பட்டது. மாண்டவர் குடும்பத்துக்கு நிவாரணத்துக்கு வழி பிறந்தது. வரவேற்கிறோம். ஆனால் நிவாரணம் சாவுக்குப் பின் வருவது; நாம் கேட்பது சாவுக்கு முன் வரவேண்டியதை! கடலோரத்தில் வெப்பம் 37 டிகிரியையேனும் எட்டி, வழக்கத்தைவிட 4.5 டிகிரியாவது ஏறினால்தான் வெப்ப அலை என்பது வானிலைத் துறை வகுத்த அளவு. காற்றிலே ஈரம் மிகுந்து, வேர்வை உலராமல் உழைப்பாளி தவிப்பதை இந்த அளவு காட்டுமா?

ஆகவே, வெப்பமானியோடு உழைப்பவர் உடலையும் ஆய்வாளர்கள் அளக்கட்டும். எந்நேரம் வேலையை நிறுத்துவது, எவ்வளவு ஓய்வு தருவது என்று திட்டமாக எழுதட்டும். கூலி குறையாமல் அந்த ஓய்வைத் தரும் ஆணையை அரசு பிறப்பிக்கட்டும். ஆணை ஏட்டோடு நின்றுவிடாமல் பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் யார்? தொழிற்சங்கத் தோழர்களே, நாம்தான்!