டேப்பைப் பூட்டியாச்சு... சாவி எங்கே?

2005 ஜூன் மாதம் அமெரிக்காவின் சிட்டி குரூப் ஒரு தகவலை வெளியிட்டது. கடன் விவரம் சேகரிக்கும் நிறுவனம் ஒன்றுக்கு யூபிஎஸ் மூலம் அனுப்பிய ஒரு பெட்டி டேப்புகளைக் காணவில்லையாம். உள்ளே இருந்தது சுமார் 39 லட்சம் வாடிக்கையாளர்களின் பெயர், சமூகப் பாதுகாப்பு எண், கணக்கு விவரம். எதுவும் என்கிரிப்ட் செய்யப்படவில்லை. ஹேக்கர் யாரும் வரவில்லை, பார்சல் தொலைந்தது, அவ்வளவுதான்! அதே வருடம் பிப்ரவரியில் பேங்க் ஆஃப் அமெரிக்காவும் பேக்கப் டேப்புகளைத் தொலைத்ததாக அறிவித்திருந்தது.

2007-ல் வந்த எல்டிஓ-4 டிரைவுகளில் 256 பிட் ஏஇஎஸ் என்கிரிப்ஷன் டிரைவுக்குள்ளேயே வந்துவிட்டது. நல்ல ஏற்பாடுதான். சர்வரிலேயே என்கிரிப்ட் செய்து அனுப்பினால் அந்த டேட்டாவை டிரைவால் சுருக்க முடியாது, டேப் செலவு எகிறும். டிரைவ் முதலில் சுருக்கிவிட்டுப் பிறகு பூட்டுகிறது.

இத்தோடு பிரச்சினை முடிந்தது என்று நிர்வாகம் நினைத்தால், அங்கேதான் தப்பு. சாவி டேப்பில் இருக்காது. தனியாக ஒரு கீ மேனேஜர் சர்வரிலோ பேக்கப் மென்பொருளிலோ இருக்கும். ஸ்டோரேஜ் நெட்வொர்க்கில் பல சர்வர்கள் ஒரே டேப் லைப்ரரியைப் பங்கு போட்டுக்கொள்ளும். எந்த டேப்புக்கு எந்தச் சாவி என்பது ஒரு பெரிய பேரேடு மாதிரி வளர்ந்துகொண்டே போகும்.

இப்போது அந்தக் கட்டிடம் தீப்பிடிக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேப்புகள் வேறு ஊரில் பத்திரம். சாவி வைத்திருந்த சர்வர் சாம்பல். சரி, அந்த சர்வரின் பேக்கப்? அதுவும் அதே சாவியால் பூட்டிய டேப்பில்! பீரோ சாவியை பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை. திருடனுக்குத் திறக்காத பூட்டு முதலாளிக்கு மட்டும் திறந்துவிடுமா என்ன? சாவியை அழித்தாலே டேட்டா ஒழிந்துவிடும் என்பதை ஒரு வசதியாகச் சொல்லி விற்கிறார்கள். அதே காரியம் கைதவறி நடந்தால் அதற்கு வேறு பெயர்.

பேங்க்கிங் பேப்பர் படித்தவர்களுக்கு விடை தெரிந்ததுதான். நம்மூர் வங்கிகளில் பணப் பெட்டகத்தை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது, இரண்டு அதிகாரிகளின் சாவியும் வேண்டும். மாற்றுச் சாவி வேறு கிளையில் இருக்கும். சாவிக்கென்றே ஒரு பதிவேடு. கரன்சிக்குக் காட்டும் இந்த அக்கறையை டேப் சாவிக்கும் காட்ட வேண்டும். அதை ஐ.டி. துறையின் தலையில் மட்டும் கட்டாமல் உள் தணிக்கைக்குள் கொண்டுவர வேண்டும். வருடம் ஒரு முறையாவது, வேறு இடத்தில், மாற்றுச் சாவியை மட்டும் வைத்து ஒரு பழைய டேப்பைத் திறந்து காட்டச் சொல்ல வேண்டும்.

பழைய டேப் என்றால் டிரைவும் பழையதாக வேண்டும். எல்டிஓ-4 டேப்பை எல்டிஓ-6 வரைதான் படிக்கும். 2015-ல் வந்த எல்டிஓ-7-ல் போட்டால் சாவி கையில் இருந்தும் பிரயோஜனமில்லை.