பயணக் கமராவும் மடங்கு மயக்கமும்

பயணத்துக்கெனக் கையடக்கமான சூம் கமரா ஒன்றை வாங்க விழைவோர் கடைக்காரரிடம் முதலிற் கேட்கும் வினா, "இது எத்தனை மடங்கு?" என்பதாகும். பத்து மடங்கினும் முப்பது சிறந்தது, முப்பதினும் நாற்பது சிறந்தது என்னும் எண்ணம் பரவலாக நிலவுகின்றது. கற்றோரும் இதற்கு விலக்கல்லர். சுற்றுலாவுக்கும் கள ஆய்வுக்கும் கமராவைத் தெரிவு செய்வோர், பெட்டியின்மேல் அச்சிடப்பட்ட அவ்வெண்ணையே அளவுகோலாகக் கொள்கின்றனர். இவ்வளவுகோல் பிழையானது, படமெடுக்கப்படும் மக்களுக்குத் தீங்கும் விளைப்பது. கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோரத்தைக் கொண்டே இதனை நிறுவலாம்.

மடங்கு என்பது யாது? வில்லையின் மிக நீண்ட குவியத்தூரத்தை மிகக் குறுகிய குவியத்தூரத்தால் வகுத்துப் பெறும் ஈவு, அவ்வளவே. வில்லை எவ்வளவு ஒளியை உள்ளே விடும், அவ்வொளியை ஏற்கும் உணரி எவ்வளவு பரப்புடையது என்பவை பற்றி அவ்வெண் ஒன்றும் கூறாது. இரண்டு கருவிகளை ஒப்பிடுக. 2018ஆம் ஆண்டில் வெளிவந்த கெனன் எஸ்எக்ஸ் 740, பழைய படச்சுருட் கணக்கில் 24 முதல் 960 மில்லிமீற்றர் வரை செல்வது, நாற்பது மடங்கு. 2019இல் வந்த சோனி ஆர்எக்ஸ் 100 வரிசையின் ஏழாம் வடிவம் 24 முதல் 200 வரை மட்டுமே செல்வது, எட்டு மடங்கு. இரண்டும் ஏறத்தாழ 300 கிராம் எடையுடையன. இரண்டு கோடிப் படப்புள்ளிகளைத் தருவன. எனினும் முன்னதன் உணரி ஏறக்குறைய 28 சதுர மில்லிமீற்றர். பின்னதன் உணரி 116. ஒவ்வொரு புள்ளியும் நான்கு மடங்கு பரப்பிலிருந்து ஒளி பெறுகின்றது. மேலும், நாற்பது மடங்குக் கருவியின் துவாரம் தொடக்கத்தில் எஃப் 3.3, முழு நீட்சியில் எஃப் 6.9. அஃதாவது, எந்த எண்ணுக்காக அக்கருவி வாங்கப்படுகின்றதோ, அந்த எண்ணை எட்டும்போது உணரியை அடையும் ஒளி நான்கிலொன்றினும் குறைந்துவிடுகின்றது.

இக்குறை ஏட்டுக் கணக்கோடு நிற்பதன்று. கிழக்குக் கரையில் ஞாயிறு கடலிலிருந்து எழுவது. காலையிற் கரைவலை இழுப்போரைக் கடலை நோக்கிப் படமெடுத்தால் முகங்கள் இருண்டுபோகும். நண்பகலிலோ கொதிக்கும் மணலின்மேல் எழும் கானல் தொலைவிலுள்ள தோணியை நெளியச் செய்யும். அந்நெளிவை எந்த நீண்ட வில்லையும் நீக்காது, பெருக்கியே காட்டும். வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் வானமே இருண்டிருக்கும். மருதமுனையின் கைத்தறிக் கூடத்திலும், கல்முனைக் கடற்கரைப் பள்ளிவாசலின் கொடியேற்று விழா இரவிலும் வேண்டப்படுவது அகன்ற கோணமும் மிகுந்த ஒளியும். அங்கே 960 மில்லிமீற்றர் எதற்கு?

குமணவின் பறவைகளையும் லகுகலையின் யானைகளையும் எடுக்க நீண்ட சூம் வேண்டாமா எனச் சிலர் வினவுவர். வேண்டும். பறவை நோக்குவதையே பயண நோக்கமாகக் கொண்டவருக்கு நல்ல வெயிலில் அக்கருவி உதவும். யானையை அணுகுவதும் அறிவுடைமையன்று. ஆயினும் ஒரு நாட் காட்டுப் பயணத்துக்காக ஏனைய நாட்களின் படங்களையெல்லாம் பலியிடுவது தெரிவாகாது. பெரிய உணரியுடைய கருவியின் விலை அதிகமே என்பது இரண்டாவது தடை. அறிமுகமானபோது மேற்கூறிய சோனியின் விலை கெனனுடையதைப்போல் மும்மடங்காக இருந்தது. மாணவர் கைக்கு அது எட்டாதெனின், கையிலுள்ள கைபேசியே போதும். அகன்ற கோணத்தில் அது தரும் படம் சிற்றுணரிக் கமராவின் படத்துக்குத் தாழ்ந்ததன்று. உலகில் 2010இல் பத்துக் கோடிக்கு மேல் விற்பனைக்கு அனுப்பப்பட்ட கையடக்கக் கமராக்கள் 2023இல் இருபது இலட்சத்துக்கும் குறைந்தமை இதனாலேயே. கைபேசியால் இயலாத ஒன்றாக எஞ்சியது பெரிய மடங்கு. ஆகவே அதுவே விளம்பரமாயிற்று.

இனி, இவ்வாதத்தின் தலையாய பகுதிக்கு வரலாம். பிறர் வீட்டு வாயிலில் ஸலாம் கூறி, அனுமதி பெற்ற பின்னரே உள்ளே காலெடுத்து வைப்பது இக்கரையோர முஸ்லிம் ஊர்களின் ஒழுக்கம். நாற்பது மடங்கு வில்லையோ வேலிக்கு அப்பால் நின்றவாறே முற்றத்துள் நுழைந்துவிடுகின்றது. நூல் சுற்றும் பெண்ணும் மீன் கூறுபோடும் முதியவரும் தாம் படமாக்கப்பட்டதை அறியார். 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் மிகுந்த உயிர்களைக் கொண்டது அம்பாறை மாவட்டத்திலேயே; இறந்தோர் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர். உறவினரை இழந்து நின்றவர்களின் முகங்கள் படங்களாகி உலகெங்கும் பரவின. அவற்றுள் கேட்டு எடுக்கப்பட்டவை எத்தனை? இயல்பான முகம் வேண்டுமெனில் மறைந்து நின்றே எடுத்தல் வேண்டும் என்பது மறைந்து நிற்போரின் நியாயம். பத்தடி தூரத்தில் நின்று பெயர் கேட்டு, காரியம் சொல்லி, சற்றுப் பொறுத்திருப்பவருக்கும் இயல்பான முகம் கிடைக்கும். உடன் கதையும் கிடைக்கும். மறுப்பவரின் மறுப்பும் அவ்வாறே தெரியவரும்.

கமராவுக்கு இக்கரையில் வேறொரு கடமையும் உண்டு. 2013இல் ஒலுவில் துறைமுகம் திறக்கப்பட்டது. வடக்கு நோக்கி நகரும் மணலை அதன் அலைதடுப்புச் சுவர்கள் மறிக்க, துறைமுக வாய் தூர்ந்தது. வடபுறக் கரையோ அரிக்கப்பட்டுத் தென்னைகளும் நிலமும் கடலாயின. இவ்வரிப்பைப் பதிவு செய்ய விரும்புவோர், ஒரே இடத்தில் நின்று, ஒரே குவியத்தூரத்தில், பருவந்தோறும் படமெடுத்தல் வேண்டும். வில்லையின் அகன்ற முனையே அதற்கு உகந்தது. எப்போதும் பிழையின்றி அந்நிலைக்கு மீளலாம். ஒலுவிலிலேயே அமைந்துள்ள தென்கிழக்குப் பல்கலைக்கழக மாணவர் இப்பணியைத் தொடங்க நாற்பது மடங்கு எதுவும் தேவையில்லை.

ஆகவே கடையிற் கேட்கவேண்டிய வினாக்கள் வேறு. அகன்ற முனை 24 மில்லிமீற்றரா? உணரியின் பரப்பு என்ன? முழு நீட்சியில் துவாரம் எவ்வளவு சுருங்கும்? நீண்டு சுருங்கும் வில்லைக் குழலுள் மணலும் உப்புக்காற்றும் புகாமற் காக்க நல்ல உறை உண்டா? இவற்றுக்கு விடை பெற்றபின் மடங்கைக் கேட்கலாம்; எட்டோ பத்தோ போதும். எஞ்சிய தூரத்தை நடந்தே கடக்கலாம். மருதமுனையிலும் ஒலுவிலிலும் அந்தத் தூரம் பெரும்பாலும் ஒரு முற்றத்தின் அகலமே.