பின் இல்லாத ஸ்டாண்ட்: வீரமா, விபரீதமா?

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் ரோட்டில் இரண்டு உலகங்கள் இருக்கின்றன. காம்பவுண்ட் சுவருக்கு உள்ளே ஒன்று, வெளியே ஒன்று. உள்ளே, 2010-ல் உற்பத்தி தொடங்கிய ரெனோ-நிஸான் ஆலையிலும் 2013-ல் வந்த ராயல் என்ஃபீல்டு ஆலையிலும் ஒரு போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்பதற்குக்கூட கணக்கு உண்டு. வெளியே, அதே வண்டிகள் பழுதாகி வந்து நிற்கும் ஷெட்டுகள் பலவற்றில் முட்டுக் கொடுப்பது செங்கல், பழைய வீல் ரிம், இல்லையென்றால் "நாங்களே பண்ணினது" என்று பெருமையாகக் காட்டப்படும் ஒரு ஸ்டாண்ட்.

சொந்தமாகப் பண்ணுவதில் தப்பே இல்லை. அது நல்ல விஷயம். பிரச்சினை எங்கே என்றால், உயரத்தை ஏற்றி இறக்குவதில் காட்டும் அக்கறையை அதை நிறுத்திப் பிடிக்கும் லாக்கில் யாரும் காட்டுவதில்லை.

வழக்கமான டிசைன் இதுதான். ஒரு சதுர பைப்புக்குள் இன்னொரு பைப். வெளி பைப்பில் ஒரு நட்டை வெல்டிங் பண்ணி, அதில் 10 மி.மீ. போல்ட்டைக் கையால் இறுக்கி விட்டால் முடிந்தது வேலை. ஆனால் அந்த போல்ட் எதையும் தாங்குவதில்லை, வெறுமனே அழுத்துகிறது. சுமையைப் பிடிப்பது உராய்வு மட்டும்தான். கை முறுக்கில் கிடைக்கும் அழுத்தத்துக்கு நூறு கிலோ நின்றாலே பெரிய விஷயம். அதில் கொஞ்சம் கிரீஸ் பட்டால்? மேலே ஒருவர் சுத்தியால் தட்டினால்?

மாற்று ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. இரண்டு பைப்பையும் குறுக்கே துளைத்து 12 மி.மீ. இரும்புப் பின் ஒன்றைச் செருகி, அது கழன்று வராமல் ஒரு கிளிப் மாட்ட வேண்டும். 500 கிலோ ஏறினாலும் பின்னில் சதுர மில்லிமீட்டருக்கு 22 நியூட்டன்தான் விழும். சாதாரண மைல்ட் ஸ்டீல் வெட்டுப்பட்டு நெளியத் தொடங்க அதைப்போல ஆறு மடங்குக்கு மேல் வேண்டும். இந்தக் கணக்கு முதலாண்டு மெக்கானிக்கல் பாடத்திலேயே இருக்கிறது. பரீட்சையில் பத்து மார்க் வாங்கித் தந்ததோடு அதன் ஆயுசு முடிந்துவிடுகிறது!

"அதெல்லாம் எதுக்கு, கடையில் வாங்கினால் போச்சு" என்பவர்களும் உண்டு. அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரைட் என்ற நிறுவனம் 2020-ல் தன் ஜாக் ஸ்டாண்டுகளை லட்சக்கணக்கில் திரும்பப் பெற்றது. காரணம்? பல்வரிசையில் மாட்டும் கொக்கி சரியாக உட்காராமல் நழுவக்கூடும் என்பதுதான். ஆக, கடையோ வீடோ, ஸ்டாண்ட் என்றால் லாக்தான்.

"இத்தனை வருஷமா ஒண்ணும் ஆகலையே" என்பது அடுத்த வாதம். ஆகும் ஒரு நாள் போதும். அதற்கப்புறம் அந்த வாதத்தைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

சட்டம் என்ன செய்தது? தூக்கும் கருவி ஒவ்வொன்றிலும் தாங்கும் எடையை எழுதி வை, வருஷத்துக்கு ஒரு தரம் சோதனை பண்ணு என்று 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் 29-வது பிரிவு சொன்னது. ஆனால் மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேராவது வேலை பார்த்தால்தான் அது தொழிற்சாலை. 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த புதிய தொகுப்புச் சட்டம் அந்தப் பத்தை இருபதாக்கிவிட்டது. மூன்று பேர் வேலை செய்யும் ஷெட் அன்றும் கணக்கில் இல்லை, இன்றும் இல்லை. வண்டிக்கு அடியில் படுக்கும் பையனின் முதுகெலும்பு மட்டும் சுவருக்கு உள்ளேயும் வெளியேயும் ஒன்றுதான்.

இன்ஸ்பெக்டர் வரப்போவதில்லை. அதனால் வெல்டிங் பண்ணுகிறவரே இன்ஸ்பெக்டராக வேண்டும். அகலமான அடித்தளம், டிரில் போட்ட துளை (கேஸ் கட்டரால் ஊதிய ஓட்டை அல்ல), கிளிப்போடு பின், பெயிண்டில் எழுதிய எடை. இவ்வளவுதான் தேவை. ஜாக்கி தூக்குவதற்கு மட்டுமே, தாங்குவதற்கு அல்ல என்பதையும் சேர்த்து எழுதிவிடலாம். அதன் சீல் கசிந்தால் வண்டி சொல்லாமல் இறங்கும்.

ஆயுத பூஜைக்கு ஸ்டாண்டுக்கும் பொட்டு வைக்கிறார்கள். நல்லது, வைக்கட்டும். பொட்டு வைக்கிற கையோடு ஒரு பின்னையும் செருகினால் சாமியின் வேலை கொஞ்சம் குறையும்.