பூட்டுப் படம் எதற்குச் சாட்சி?

இணைய முகவரிக்குப் பக்கத்தில் சின்னப் பூட்டுப் படம் இருந்தால் அந்தத் தளம் பாதுகாப்பானது என்று பல பட்டறைகளில் இன்னும் சொல்லித் தருகிறார்கள். தொண்டூழியராகப் பள்ளிகளுக்குப் பேசப் போகும்போது மாணவர்களிடம் கேட்டாலும் முதலில் வரும் பதில் அதுதான். கணினிகளுக்கிடையே செல்லும் தகவலை மறையாக்கம் செய்து அனுப்பும் மென்பொருளில்தான் நான் வேலை செய்கிறேன். அந்தப் பூட்டுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்பதை நாள்தோறும் பார்ப்பவன். அதனாலேயே சொல்கிறேன், இந்தப் பாடத்தை நிறுத்திவிட வேண்டும்.

பூட்டு உண்மையில் என்ன செய்கிறது? உங்கள் கைப்பேசி ஒரு தளத்தைத் திறக்கும்போது இரண்டு கணினிகளும் கண்ணிமைக்கும் நேரத்தில் பேசி முடித்துவிடுகின்றன. தளம் ஒரு சான்றிதழைக் காட்டுகிறது. “இந்த முகவரிக்கு உரிய கணினி நான்தான்” என்பதே அதன் சாரம். பிறகு இரண்டும் சேர்ந்து ஒரு ரகசியச் சாவியை உருவாக்குகின்றன. அந்தச் சாவி மட்டும் கம்பி வழியாகப் போவதே இல்லை.

அது எப்படி முடியும் என்று கேட்பவர்களுக்கு ஒரு சிறு கணக்கு. நீங்கள் மனதுக்குள் 7 என்று நினைத்துக்கொள்ளுங்கள். நான் 3 என்று நினைத்துக்கொள்கிறேன். நீங்கள் ஏழு 5களை ஒன்றோடொன்று பெருக்கி, 23ஆல் வகுத்து, மீதியை உரக்கச் சொல்லுங்கள்: 17. நான் மூன்று 5களைப் பெருக்கி வகுத்தால் மீதி 10. அதையும் உரக்கச் சொல்கிறேன். இப்போது நீங்கள் என்னுடைய 10ஐ ஏழு முறை எடுத்துப் பெருக்கி 23ஆல் வகுங்கள். நான் உங்களுடைய 17ஐ மூன்று முறை எடுத்துப் பெருக்கி வகுக்கிறேன். இருவருக்கும் 14 கிடைக்கும். அறையில் யாருமே 14 என்று சொல்லவில்லை! விட்ஃபீல்ட் டிஃபியும் மார்ட்டின் ஹெல்மனும் 1976ல் வெளியிட்ட யோசனை இது. 23 என்ற இடத்தில் அறுநூறு இலக்கங்களுக்கு மேல் நீளும் எண்ணை வைத்துவிட்டால், ஒட்டுக்கேட்பவரிடம் உலகின் பெரிய கணினி இருந்தாலும் பயனில்லை. உயர்நிலைப் பள்ளிக் கணிதம் எதற்கு என்று அலுத்துக்கொள்ளும் தம்பி தங்கைகள் தாளெடுத்து ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

ஆக, வழி பத்திரமானது. வழியின் மறுமுனையில் இருப்பவர் யார்? அதைப் பற்றிப் பூட்டு எதுவும் சொல்வதில்லை. வங்கியின் பெயரில் ஓர் எழுத்தை மாற்றி யாரும் ஒரு முகவரியை வாங்கலாம். அந்த முகவரிக்குச் சான்றிதழும் சில நிமிடங்களில், அதுவும் இலவசமாக, கிடைக்கும். மோசடிக்காரர் அனுப்பும் தளத்திலும் அதே பூட்டு இருக்கும். உங்கள் கடவுச்சொல் நடுவழியில் யார் கண்ணிலும் படாமல் நேரே அவரிடம் போய்ச் சேரும். கூகலின் குரோம் உலாவி 2023 செப்டம்பரில் பூட்டுப் படத்தை எடுத்துவிட்டு வேறொரு சாதாரணக் குறியை வைத்ததற்குக் காரணமே, மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதுதான். உலாவியை எழுதியவர்களே கைவிட்ட பாடத்தை நாம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

2021 டிசம்பரில் ஓசிபிசி வங்கி வாடிக்கையாளர்களுக்கு நேர்ந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். சுமார் 790 பேர், 13.7 மில்லியன் வெள்ளி. போலிக் குறுஞ்செய்திகள் வங்கியின் உண்மையான செய்திகள் வரும் அதே வரிசையில் வந்து உட்கார்ந்துகொண்டன. அனுப்புநர் பெயரைச் சரிபார்க்கும் ஏற்பாடு குறுஞ்செய்தித் தொழில்நுட்பத்தில் தொடக்கத்திலிருந்தே இல்லை. எந்தப் பெயரைப் போட்டாலும் கைப்பேசி நம்பிவிடும். அங்கே மறையாக்கத்தை யாரும் உடைக்கவில்லை. உடைக்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. அதன் பிறகு வங்கிகள் குறுஞ்செய்தியில் இணைப்பு அனுப்புவதை நிறுத்தின. 2023 ஜனவரி இறுதியிலிருந்து, பதிவு செய்யாத அனுப்புநர் பெயர்கள் மோசடியாக இருக்கலாம் என்ற முத்திரையோடு வருகின்றன. கணக்குப் புத்தகத்தில் பெயர் எழுதுவது போன்ற எளிய வேலைதான். ஆனால் ஆயிரம் சுவரொட்டிகள் செய்ய முடியாததை அது செய்யும்.

பூட்டே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. அது இல்லாவிட்டால் காப்பிக்கடை வைஃபையில் உங்கள் பக்கத்து மேசைக்காரர் உங்கள் கடவுச்சொல்லைப் படித்துவிடுவார். அந்தப் பூட்டும் தானாக நிற்பதில்லை. 2014 ஏப்ரலில் வெளிவந்த ‘ஹார்ட்பிளீட்’ பிழையை இத்துறைக்கு வர நினைக்கும் ஒவ்வொருவரும் படிக்க வேண்டும். “இந்தச் சொல்லைத் திருப்பிச் சொல், இதில் இத்தனை எழுத்து” என்று ஒரு கணினி கேட்கும். நான்கெழுத்துச் சொல்லை அனுப்பிவிட்டு அறுபதாயிரம் எழுத்து என்று பொய் சொன்னால், மறுபக்கத்துக் கணினி தன் நினைவகத்தில் பக்கத்தில் கிடந்ததையெல்லாம் சேர்த்து அள்ளிக் கொடுத்தது. நீளத்தைச் சரிபார்க்கும் ஒரு சிறு சோதனை விடுபட்டதால் வந்த வினை. உலகில் ஏராளமான தளங்கள் நம்பியிருந்த அந்த ஓப்பன்எஸ்எஸ்எல் மென்பொருளுக்கு அப்போது முழுநேரமாக உழைத்தவர் ஒருவரே. “அண்ணா, நீங்கள் ஹேக் செய்வீர்களா?” என்று மாணவர்கள் கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வரும். என் நாளில் பெரும்பகுதி, பிறர் எழுதிய நிரலில் இப்படி விடுபட்ட சோதனைகளைத் தேடுவதில் போகிறது. சலிப்பான வேலைதான். எனக்குப் பிடித்த வேலையும் அதுதான்.

ஆசிரியர் ஒருவர் என்னிடம் வாதிட்டார்: பன்னிரண்டு வயதுப் பிள்ளைக்குச் சான்றிதழ், சாவி என்றெல்லாம் விளக்க முடியுமா, எளிய விதி ஒன்று வேண்டாமா? வேண்டும். ஆனால் தவறான விதி எளிமையாக இருந்து என்ன பயன்? அதே அளவு எளிமையான கேள்வி ஒன்று இருக்கிறது: பேச்சை முதலில் தொடங்கியது யார்? இணைப்பு உங்களைத் தேடி வந்திருந்தால் அதன் வழியே போகாதீர்கள். செயலியை நீங்களே திறந்து பாருங்கள். சந்தேகமென்றால் 1799ஐ அழைத்துக் கேளுங்கள். இதை ஒரே சில்லில் எழுதிவிடலாம்.

தமிழ் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒட்டுக்கேட்க முடியாத வழிக்கும் ‘பாதுகாப்பானது’ என்கிறோம், நம்பத்தக்க ஆளுக்கும் அதே சொல். “பாதுகாப்பான தளம்தான் பாட்டி” என்று பேரப்பிள்ளை சொன்னால் பாட்டி எதைப் புரிந்துகொள்வார்? நான் வீட்டில் அஞ்சல் உறையைச் சொல்லி விளக்கினேன். உறையை நன்றாக ஒட்டியிருக்கிறார்கள், வழியில் யாரும் பிரிக்க மாட்டார்கள், ஆனால் முகவரி யாருடைய வீட்டுக்கு என்று பாருங்கள் அம்மா, என்றேன். அது ஒட்டிக்கொண்டது. இப்போது வங்கியிலிருந்து எந்தச் செய்தி வந்தாலும் அட்டையின் பின்பக்கத்தில் இருக்கும் எண்ணை அழைத்து விசாரிக்கிறார், உண்மையான செய்தியாக இருந்தாலும்கூட. இருபது நிமிடம் பாட்டுக் கேட்டபடி காத்திருந்தாலும் பரவாயில்லையாம்.