கமிட்டி ஏலமும் கைபேசி ஏலமும்

திண்டிவனம் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில், அதாவது இப்பக்கத்து ஜனங்கள் ‘மார்க்கெட் கமிட்டி’ என்று வழங்கும் இடத்தில், நிலக்கடலை அறுவடைக் காலத்தில் ஒரு முற்பகல் நின்று பார்ப்பவர்க்கு, ஏலம் என்பது எவ்வளவு கௌரவமான காரியமாக நடக்கக் கூடும் என்பது பிரத்தியட்சமாக விளங்கும். விவசாயி கொண்டுவந்த காய் குவியல்களாகக் கிடக்க, உரிமம் பெற்ற வியாபாரிகள் குவியலுக்குக் குவியல் குனிந்து, ஒரு பிடி அள்ளி, இரண்டொன்றை உடைத்துப் பருப்பின் திரட்சியைப் பார்த்து, தமக்குக் கட்டுப்படியாகும் விலையைக் குறித்துக் கொடுக்கிறார்கள். உயர்ந்த விலை இன்னதென்று அறிவிக்கப்படுகிறது. அவ்விலை பிடிக்காவிட்டால் சரக்கைக் கொடுக்க மறுக்கும் உரிமை விவசாயிக்கு உண்டு. எடையோ கூடத்தின் தராசிலேதான்.

இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசியும், எடையில் குறைத்தும், கேட்பாரற்ற பிடித்தங்களைக் கழித்தும் தரகர்கள் குடியானவனை வாட்டிய காலத்தில், சந்தைகளைச் சட்டத்தின் கீழ்க் கொண்டுவர வேண்டுமென்று 1928-இல் ராயல் விவசாயக் கமிஷன் எடுத்துரைத்தது. அதை அனுசரித்துச் சென்னை மாகாணம் 1933-இல் வர்த்தகப் பயிர்கள் சந்தைச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின் ஜீவநாடி ஒன்றே: சரக்கு வாங்குபவனும், விற்றுத் தருபவனும், தராசு பிடிப்பவனும் ஒரே ஆளாக இருக்கலாகாது.

இதே ஊரில், நேரு வீதியில் நடந்து செல்லும் ஒவ்வொருவர் கைபேசியிலும் இன்று வேறோர் ஏலம் இடைவிடாது நடந்துகொண்டிருக்கிறது. ஒருவர் தமிழ்ச் செய்தித் தளமொன்றைத் திறந்தவுடன், பக்கம் முழுதும் விரிவதற்குள், அவர் ஏறத்தாழ எந்த ஊரில் இருக்கிறார், எவ்வகைக் கைபேசி வைத்திருக்கிறார், முன்பு எவற்றையெல்லாம் தேடினார் என்ற குறிப்புகள் விளம்பரச் சந்தைக்குப் போகின்றன. அங்கே பல இயந்திரங்கள் அவரது கண்பார்வைக்கு விலை கேட்கின்றன. ஒரு விநாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் ஏலம் முடிந்து, வென்றவருடைய விளம்பரம் செய்தியின் நடுவே வந்து அமர்கிறது. இங்கே குவியலாகக் கிடப்பவர் வாசகர். தம்மைப் பேரம் பேசுகிறார்கள் என்பதே அவருக்குத் தெரியாது.

விளம்பரத்தையே நான் குற்றம் சொல்லவில்லை. எஸ். எஸ். வாசன் விளம்பரத் தொழிலிலிருந்து வந்து 1928-இல் ஆனந்த விகடனை வாங்கி வளர்த்தவர். விளம்பரப் பணமின்றித் தமிழ்ப் பத்திரிகைகள் நிலைத்திருக்க முடியாது. ஆனால் அன்றைய துணிக்கடைக்காரர் பத்திரிகைக்கோ, சினிமாக் கொட்டகை ஸ்லைடுக்கோ, ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோவுக்கோ கொடுத்த பணம் யார் கைக்குப் போயிற்று என்பதை அறிந்திருந்தார். விளம்பரம் வந்ததா என்பதைத் தம் கண்ணாலேயே பார்த்துக்கொண்டார். இன்று அவர் தம் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர், நாளொன்றுக்கு இத்தனை ரூபாய் என்று கைபேசியிலேயே குறித்துப் பணம் கட்டுகிறார். எத்தனை பேர் பார்த்தார்கள், எத்தனை பேர் தொட்டார்கள் என்ற கணக்கைத் தருவதும் அந்தப் பணத்தைப் பெற்றுக்கொண்ட கம்பெனியேதான். தராசு விற்றவர் கையிலேயே இருக்கிறது.

இத்தொழிலின் தலையாய ஸ்தாபனமாகிய கூகுள், விளம்பரதாரர் இடம் வாங்கும் கருவியையும், பிரசுரகர்த்தர் இடம் விற்கும் கருவியையும், இரண்டுக்கும் நடுவே ஏலம் நடக்கும் சந்தையையும் தானே நடத்துகிறது. அச்சந்தையில் அது எடுத்துவந்த கமிஷன் நூற்றுக்கு இருபது. அமெரிக்காவில் 2025 ஏப்ரலில் நீதிபதி லியோனி பிரிங்கெமா, பிரசுரகர்த்தர் கருவியிலும் ஏலச் சந்தையிலும் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகம் செலுத்தியது என்று தீர்ப்பளித்தார். அதை ஒப்பாத கூகுள், மேல்முறையீடு செய்வதாக அறிவித்தது. பிரிட்டிஷ் விளம்பரதாரர் சங்கத்துக்காக 2020-இல் நடந்த ஆய்வொன்று, விளம்பரதாரர் செலவிட்ட நூறில் ஐம்பத்தொன்றே பிரசுரகர்த்தரைச் சேர்ந்தது என்றும், பதினைந்து எங்கே போயிற்று என்பதற்குக் கணக்கே கிடைக்கவில்லை என்றும் கண்டது. கமிட்டியில் நூறு மூட்டைக்குப் பதினைந்து மூட்டை காணாமற்போனால் அன்றைய தினமே கூடத்தின் கதவை இழுத்து மூடியிருப்பார்கள்.

நம் தேசத்தில் 2016-இல் இணைய விளம்பரத்துக்காக வெளிநாட்டுக் கம்பெனிகளுக்குச் செல்லும் பணத்தின்மீது ஆறு சதவீதச் சமன்பாட்டு வரி விதித்தார்கள். 2025 ஏப்ரல் முதல் அதுவும் நீங்கிவிட்டது. வரி போனதைவிட, அதை விட்டுக்கொடுத்தபோது கடைக்காரருக்கும் பத்திரிகைக்கும் சட்டபூர்வமான எந்த உரிமையையும் கேட்டுப் பெறவில்லையே என்பதுதான் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது. ஒவ்வோர் ஏலத்திலும் வாங்குபவர் கொடுத்தது எவ்வளவு, விற்பவர் பெற்றது எவ்வளவு, இடையில் நின்றது எவ்வளவு என்ற சீட்டை இரு தரப்பாருக்கும் கொடுக்க வேண்டும். பார்வைக் கணக்கை வெளியார் தணிக்கை செய்ய வேண்டும். இரு தரப்புக்கும் ஒருவரே தரகராக நிற்பதைத் தடுக்க வேண்டும். 1933-இல் கடலைக்கும் பருத்திக்கும் கிடைத்த நியாயத்துக்கு மேல் இதில் ஒன்றுமில்லை.

செய்தி வெளியீட்டாளர் சங்கத்தின் மனுவின்மேல் இந்தியப் போட்டி ஆணையம் 2022 ஜனவரியில் கூகுளைக் குறித்து விசாரணைக்கு உத்தரவிட்டது. அது பெரும் பத்திரிகைகளின் வழக்கு. சிறு கடைக்காரரின் குறை இன்னும் அங்கே போய்ச் சேர வேண்டும். 2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தின் 19-ஆம் பிரிவு தனிநபருக்கும் வணிகர் சங்கத்துக்கும் ஒருசேர மனு உரிமை தந்திருப்பதால், திண்டிவனம், விழுப்புரம் வியாபாரிகள் தாம் கட்டிய விளம்பரப் பணத்தின் ரசீதுகளைத் திரட்டி, சங்கத்தின் பெயரால் ஆணையத்துக்கு மனுவொன்று அனுப்பும்படி கேட்டுக்கொள்கிறேன்.