முதலில் புல், கடைசியில்தான் மருந்து: பேரையூர் வட்டார மேய்ச்சல் நிலப் பிரகடனம்

பேரையூர் வட்டத்தில் மாடும் ஆடும் வளர்த்துப் பிழைக்கும் நாங்கள் இந்த இயக்கத்தைத் தொடங்குகிறோம். மேய்ச்சல் தரையைப் பிடித்துக்கொண்ட நச்சுச் செடிகளை ஒழிப்பது எங்கள் நோக்கம். அந்த வேலையைக் களைக்கொல்லி டப்பாவிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கமாட்டோம் என்பது எங்கள் கொள்கை. அதற்கான காரணங்களை ஊரார் முன் வைக்கிறோம்.

நாங்கள் நிற்கும் இடம்

இது மானாவாரி பூமி. பருத்தி, மக்காச்சோளம், சோளம், குதிரைவாலி என எல்லாமே மழையை நம்பிய வெள்ளாமை. மழை பொய்த்த ஆண்டுகளில் குடும்பங்களைத் தாங்கியது தொழுவம்தான். கோடையில் கரிசலில் பச்சை அற்றுப்போகும்போது மலையடிவாரத்து மாடுகளுக்குக் காடு இருந்தது. அந்தச் சாப்டூர்க் காடு சாம்பல்நிற அணில் சரணாலயத்தைச் சேர்ந்தது. 2021-இல் அது ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகத்துக்குள் வந்தது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் சரணாலயங்களிலும் புலிகள் காப்பகங்களிலும் கால்நடை மேய்க்கத் தடை விதித்தது.

காடு பிழைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கீழே மிஞ்சியிருப்பவை மந்தைவெளி, கண்மாய்க்கரை, ஓடைப் புறம்போக்கு, சாலையோரம் மட்டுமே. இங்கே புல் இருந்த இடத்தில் பார்த்தீனியம் நிற்கிறது. வேலியோரத்தில் உண்ணிச்செடி. கண்மாய்க்குள் நெய்வேலிக் காட்டாமணக்கு. மற்ற இடமெல்லாம் சீமைக்கருவேலம்.

உண்ணிச்செடி தின்ற மாட்டை ஒருமுறை பார்த்தவர் மறக்கமாட்டார். முதலில் தீனியை ஒதுக்கும். சாணம் இறுகும். வெயிலுக்கு வராமல் நிழலிலேயே நிற்கும். ஈரலை அந்த நஞ்சு கெடுத்துவிடுவதால், செரித்த பச்சையிலிருந்து வெளியேற வேண்டிய பொருள் இரத்தத்தில் தங்கி, வெயில் பட்ட தோலைப் பொசுக்குகிறது. கண்ணில் மஞ்சள் ஏறும். மூக்கு நுனி சிவந்து வெடிக்கும். வெள்ளைத் தோல் உள்ள இடம் தட்டுத் தட்டாக உரியும். நெய்வேலிக் காட்டாமணக்குத் தழைக்குப் பழகிய வெள்ளாடு அதையே தேடித் தின்று, நரம்பு கெட்டுத் தள்ளாடும். பார்த்தீனியம் தின்ற மாட்டின் பால் கசக்கும். அளவு மிஞ்சினால் உயிரே போகும்.

வயிறு நிறைந்த மாடு இவற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்துபோகும். பசித்த மாடுதான் வாய் வைக்கும். ஆகவே புல் இல்லாமை நோய், நச்சுச் செடி அதன் அடையாளம் என்பதே எங்கள் முடிவு.

களைக்கொல்லி ஏன் முதல் வழி ஆகாது

மருந்து செடியைக் கொல்லும். செடிக்குள் இருக்கும் நஞ்சை அது கொல்வதில்லை. உண்ணிச்செடி இலை காய்ந்தாலும் நஞ்சு தங்கும். அதைவிட ஆபத்து ஒன்று உண்டு. 2,4-டி போன்ற மருந்து பட்ட சில நச்சுச் செடிகள் வாடும்போது சுவை மாறி, அதுவரை ஒதுக்கிய கால்நடையையே இழுக்கின்றன. பார்த்தீனியத்துக்குச் சொல்லப்படும் சமையல் உப்புக் கரைசலும் அப்படித்தான்: லிட்டருக்கு 200 கிராம் உப்புப் போட்டுத் தெளித்த செடியை, உப்புக்கு ஏங்கும் மாடு நக்காமல் விடுமா?

சோளத்திலும் மருந்தால் ஆபத்து உண்டு. வறட்சியில் வாடிய இளஞ்சோளமும் மறுதாம்புக் குருத்தும் நஞ்சாகி மாட்டைச் சாய்க்கும் என்பது நம் பெரியவர்கள் அறிந்தது. அந்தப் பயிரில் 2,4-டி பட்டால் அதே நஞ்சு இன்னும் கூடி, சில வாரங்கள் வரை நீடிக்கலாம். இந்த மருந்து காற்றில் பறந்து பருத்திக்குப் போனால் இலை விரல்விரலாகச் சுருங்கிக் காய்ப்பும் கெடும். மந்தைவெளியில் அடிப்பவர் அடுத்த புஞ்சைக்காரரின் வெள்ளாமையையும் பணயம் வைக்கிறார்.

கிளைபோசேட் என்ற களைக்கொல்லியைப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது என 2015-இல் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் வகைப்படுத்தியது. மற்றொரு களைக்கொல்லியான பாராகுவாட் வயிற்றுக்குள் போனால் முறிக்க மருந்தே இல்லை. கூலிக்குத் தெளிப்பவர் கையுறை இல்லாமல், முகமூடி இல்லாமல் தெளிக்கிறார். அவர் உயிரும் எங்கள் கணக்கில் உண்டு.

எங்கள் கொள்கைகள்

1. பார்த்தீனியத்தைப் பூக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறை போட்டு வேரோடு பிடுங்குவோம். ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை உதிர்க்கும். பூத்தபின் பிடுங்குவது விதைப்பதற்குச் சமம்.

2. உண்ணிச்செடியைத் தரைக்கு மேலே வெட்டினால் மறுபடி தழைக்கும். டெல்லிப் பல்கலைக்கழகத்தின் சி.ஆர். பாபு குழுவினர் காட்டிய வழியில், தரைக்குச் சற்றுக் கீழே வேர்க்கழுத்தை வெட்டி, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துப் போடுவோம்.

3. களை எடுத்த இடத்தை வெறுந்தரையாக விடமாட்டோம். கொழுக்கட்டைப்புல்லும் முயல் மசாலும் விதைப்போம். ஓரங்களில் ஆவாரையும் துத்தியும் விடுவோம், அவை பார்த்தீனியத்தை நெருக்கி அடக்கும். புல் வேர் பிடிக்கும்வரை அந்தப் பகுதிக்கு மாடு விடமாட்டோம்.

4. கைவேலைக்கு அடங்காத பரப்பில் மட்டும், ஊர்க்கூட்டம் ஒப்பினால் மட்டும், களைக்கொல்லி. ஊருக்கு முன்கூட்டியே அறிவித்து, வேலி அடைத்து, பயிற்சி பெற்றவர் காற்றில்லாத நேரத்தில் தெளிக்க வேண்டும். செடி மட்கிப் போகும்வரை கால்நடை அங்கே நுழையக் கூடாது. கண்மாயிலும் ஓடையிலும் பருத்திக்காட்டின் ஓரத்திலும் எந்தக் காலத்திலும் தெளிக்கக் கூடாது.

5. நச்சுச் செடி தின்ற மாட்டுக்குக் கைவைத்தியத்தில் நேரம் போக்காமல் உடனே கால்நடை மருத்துவரை அழைப்போம். என்ன தின்றது என்று காட்ட அந்தச் செடியையும் கொண்டுபோவோம்.

எங்கள் கோரிக்கைகள்

மேய்ச்சல் புறம்போக்குகளை அளந்து, எல்லைக்கல் நட்டு, ஆக்கிரமிப்பை அகற்ற வேண்டும். களை பிடுங்குவதையும் புல் வளர்ப்பதையும் ஊரக வேலைத் திட்டத்தில் கூலியுள்ள வேலையாகச் சேர்க்க வேண்டும். கோடைக்கு முன்பே மானிய விலையில் உலர்தீவனம் கிடைக்க வேண்டும். களைக்கொல்லி விற்கும் கடைக்காரர், மேய்ச்சல் நிலத்துக்கு என்று கேட்பவரிடம் மாட்டை எத்தனை நாள் தள்ளி வைக்க வேண்டும் என்று வாயால் சொல்லி, தமிழில் எழுதியும் கொடுக்க வேண்டும்.

உறுதிமொழி

அரசு வரும்வரை காத்திருக்கமாட்டோம். புரட்டாசியில் முதல் மழை விழுந்ததும் ஒவ்வொரு ஊரும் தன் மந்தைவெளியில் இறங்கும். வீட்டுக்கு ஓர் ஆள் வர வேண்டும். மாடு இல்லாத வீடும் வர வேண்டும், அந்த வீட்டுப் பிள்ளை குடிப்பதும் இந்தத் தரையில் மேய்ந்த மாட்டின் பால்தான். சாதி பார்த்து வரிசை பிரிக்கமாட்டோம், கட்சிக்கொடி கட்டமாட்டோம். விஷச்செடி போன இடத்தில் புல் நிற்கிறதா என்பது ஒன்றே இந்த இயக்கத்தின் வெற்றிக்கு அளவுகோல். நிற்கும்வரை ஒவ்வொரு மழைக்கும் இறங்குவோம்.