தர்மப் பணத்தின் கணக்கு யார் கையில்?

புதுக்கோட்டை சமஸ்தானத்திலே அம்மன் காசு என்று ஒரு காசு இருந்தது. ஒரு பக்கம் அம்மன் உருவம். மறு பக்கம் தெலுங்கிலே ‘விஜய’ என்ற எழுத்து. இருபது காசு சேர்ந்தால் ஓர் அணா. நவராத்திரி நாட்களில் அரண்மனை அரிசி தானம் செய்யும். அரிசியோடு இந்தக் காசும் ஏந்திய கையிலே விழும். கொடுத்த கையைப் புகழ்ந்தவர்கள் ஏராளம். அந்த அரிசி யார் வயலில், யார் முதுகெலும்பு ஒடிந்து விளைந்தது என்று கேட்டவர்கள் சொற்பம். 1948 மார்ச் 3-ல் சமஸ்தானம் இந்திய யூனியனோடு சேர்ந்தது. ராஜா போனார், காசும் போயிற்று. தானம் மட்டும் போகவில்லை. இன்று அது சட்டை மாற்றிக்கொண்டு, அறக்கட்டளை என்ற பெயரிலே வருகிறது.

அறக்கட்டளை எப்படி நடக்கிறது என்பதை முதலில் பார்ப்போம். பலரிடம் நன்கொடை வாங்கி ஒரே நிதியாகச் சேர்க்கிறார்கள். அநேகமாக முதலைத் தொடுவதில்லை. அதை எங்காவது போட்டு, வருகிற வட்டியையும் லாபத்தையும் மட்டும் எடுக்கிறார்கள். ஒரு கமிட்டி உட்கார்ந்து மனுக்களைப் படித்து, இந்தப் பள்ளிக்கு ஒரு கூரை, அந்தக் கிராமத்துக்கு ஒரு கிணறு என்று பங்கிட்டுக் கொடுக்கிறது. ஊர்ப் பணம் ஊருக்கே என்கிறார்கள். இதை முதன்முதலில் 1914-ல் அமெரிக்காவின் கிளீவ்லண்டு நகரில் பிரெடரிக் காஃப் என்ற வங்கிக்காரர் ஏற்படுத்தினார். செத்துப்போன பணக்காரர்களின் உயில்கள் காலத்துக்கு ஒவ்வாமல் பணத்தைக் கட்டிப்போட்டிருப்பதைக் கண்டு அவர் செய்த ஏற்பாடு இது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடுதான், மறுக்கவில்லை.

ஆனால் அதே 1914-ல், ஏப்ரல் 20-ந் தேதி, அதே அமெரிக்காவின் லட்லோ என்ற இடத்தில் நடந்ததையும் சொல்ல வேண்டும். ராக்பெல்லர் குடும்பத்தின் நிலக்கரிக் கம்பெனியை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர்களின் கூடாரங்களைப் படையினர் சுட்டார்கள், கொளுத்தினார்கள். கூடாரத்துக்கு அடியில் குழி தோண்டிப் பதுங்கியிருந்த 2 பெண்களும் 11 குழந்தைகளும் மூச்சு முட்டிச் செத்தார்கள். அதற்கு முந்திய ஆண்டுதான் அந்தக் குடும்பம் மனித குலத்தின் நலனுக்கென்று ஒரு மாபெரும் அறக்கட்டளையைப் பதிவு செய்திருந்தது! ஒரு கை எடுத்ததையும் மறு கை கொடுத்ததையும் ஒரே கணக்குப் புத்தகத்தில் எழுதிப் பார்த்தால்தான் விஷயம் விளங்கும்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 500 கோடி நிகர சொத்து மதிப்போ, 1,000 கோடி வியாபாரமோ, 5 கோடி நிகர லாபமோ உள்ள கம்பெனிகள், மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகக் காரியங்களுக்குச் செலவிட வேண்டும் என்று 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம் விதித்தது. நூறு ரூபாய் லாபத்தில் இரண்டு ரூபாய். மீதி 98 ரூபாய் எங்கிருந்து வந்தது என்று அந்தச் சட்டம் கேட்கவில்லை. அந்த இரண்டு ரூபாயையும் தொழிற்சாலை இருக்கிற சுற்றுவட்டாரத்துக்கு முன்னுரிமை கொடுத்துச் செலவிடச் சொன்னது. கேட்பதற்கு நியாயம்போலத்தான் இருக்கிறது. ஆலைகள் எங்கே இருக்கின்றன? கோவையில், திருப்பூரில், ஓசூரில், சென்னையைச் சுற்றி. அங்கே உழைக்கிறவர்கள் எங்கிருந்து போனவர்கள்? மழை பொய்த்தால் மூட்டை கட்டுகிற நம்முடைய மாவட்டம் போன்ற இடங்களிலிருந்து. ஆளை இங்கிருந்து எடுத்துக்கொள்வார்கள். தர்மத்தை அங்கே செய்வார்கள்.

பஞ்சாலைகளில் ‘சுமங்கலித் திட்டம்’ என்று ஒன்று நடந்ததே, நினைவிருக்கிறதா? ஏழை வீட்டுப் பெண் பிள்ளைகளை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் அழைத்துப் போனார்கள். ஆலை விடுதியிலே அடைத்து வைத்தார்கள். மாதச் சம்பளத்தைக் குறைத்துக் கொடுத்து, கடைசியில் 30,000, 50,000 என்று மொத்தமாக ஒரு தொகை. அதற்குக் கல்யாண உதவி என்று பெயர்! நோய்வாய்ப்பட்டு நடுவிலே திரும்பியவர்களில் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. அவள் ராப்பகலாக நூற்ற நூலின் கூலியைப் பிடித்து வைத்துக்கொண்டு, அவள் கழுத்தில் தாலி ஏறும்போது முதலாளி செய்கிற தர்மமாக அதையே காட்டினார்கள். கூலி எப்படி நன்கொடையாகப் பெயர் மாறுகிறது என்று யாராவது கேட்டால் இந்த ஒரு திட்டத்தைச் சொன்னால் போதும்.

இனி நம் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கு வருவோம். 2022 டிசம்பர் 19-ல் தமிழ்நாடு அரசாங்கம் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. பழைய மாணவர்களிடமும் கம்பெனிகளிடமும் நன்கொடை வாங்கி அரசுப் பள்ளிகளுக்குக் கொடுப்பது நோக்கம். அதை நடத்தும் அமைப்புக்குத் தலைவராக ஒரு பெரிய தொழிலதிபர், டி.வி.எஸ். வேணு சீனிவாசன் அமர்த்தப்பட்டார். தான் படித்த பள்ளிக்கு ஒருவன் பெஞ்சு வாங்கித் தருவதை நாம் குறை சொல்வோமா? ஒருபோதும் இல்லை. சிங்கப்பூரில் வேர்வை சிந்துகிற தம்பி அனுப்புகிற ஆயிரம் ரூபாய் நமக்குப் பெரிது. நம் கேள்வி வேறு. அதே பள்ளிகளுக்கு 2024-25-ல் வரவேண்டிய 2,152 கோடி ரூபாயை, பி.எம்.ஸ்ரீ திட்டத்தில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக ஒன்றிய அரசாங்கம் நிறுத்திவைத்தது. 2025 மே மாதம் தமிழ்நாடு உச்சநீதிமன்றத்துக்குப் போக வேண்டியதாயிற்று. 2025 தொடக்கத்தில் தனியார் பள்ளிக்காரர்கள் 500 அரசுப் பள்ளிகளைத் ‘தத்து’ எடுக்கப் போவதாகச் செய்தி கிளம்பி, எதிர்ப்பு வந்ததும் தத்தே கிடையாது என்று மந்திரி மறுத்தார். மறுத்தது சரி. ஆனால் தத்து என்ற சொல் எப்படித் துணிந்து வந்தது? தாய் தகப்பன் இல்லாத பிள்ளையைத்தானே தத்தெடுப்பார்கள்! வரி கட்டுகிற ஜனங்கள் உயிரோடு இருக்கும்போது அரசுப் பள்ளி எப்படி அனாதையாகும்?

தர்மத்திலும் மேலிடத்துத் தர்மம், கீழிடத்துத் தர்மம் உண்டு. 2020 கொரோனா நாட்களில் பிரதமர் பெயரால் அமைந்த பி.எம். கேர்ஸ் நிதிக்குக் கம்பெனி கொடுத்தால் அது 2 சதவீதக் கணக்கில் சேரும். மாநில முதலமைச்சரின் நிவாரண நிதிக்குக் கொடுத்தால் சேராது என்று டெல்லி விளக்கம் சொன்னது. பிணம் விழுந்தது எந்த ஊரில், நிதி குவிந்தது எந்த ஊரில்?

ஊர் கூடிக் கொடுப்பது என்றால் என்ன என்பதை நமக்கு வெளியிலிருந்து யாரும் கற்பிக்க வேண்டாம். ஆடி பிறந்தால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் பக்கம் மொய் விருந்துப் பந்தல்தான். கறிச்சோறு போட்டு, நோட்டைத் திறந்து வைத்து எழுதுகிறார்கள். வாங்கியவன் திருப்பிச் செய்தாக வேண்டும்; இன்று கொடுக்கிறவன் நாளை வாங்கப் போகிறவன். அங்கே யாரும் யாரையும் கும்பிட்டு நிற்பதில்லை. அதற்காக அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடவும் மாட்டோம். தென்னந்தோப்பும் ஆழ்குழாய்க் கிணறும் உள்ளவனுக்கு லட்சக் கணக்கில் விழுகிற மொய், கூலிக்காரன் பந்தல் போட்டால் விழாது. போட்ட பந்தலுக்கே கடன்தான்.

2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அந்தத் தோப்புகளையெல்லாம் சாய்த்துப் போட்டது. மொய் நோட்டும் சாய்ந்தது. மறு ஆண்டு இந்தப் பக்கத்து இளைஞர்களும், எல்லைக்கு அப்பால் பேராவூரணி வட்டாரத்துக் கடைமடை விவசாயிகளும் கைக்காசு போட்டு, வெளிநாட்டில் உள்ளவர்களிடம் கேட்டு வாங்கி, குளங்களையும் ஏரிகளையும் தூர் வாரினார்கள். எந்த மில் முதலாளியின் பெயர்ப்பலகைக்கும் காத்திருக்கவில்லை. அவர்களை மனதார வாழ்த்துகிறோம். அதே மூச்சில் கேட்கவும் செய்கிறோம்: தூர் வார வேண்டிய பொதுப்பணித் துறையும் ஊராட்சி ஒன்றியமும் எதற்காக இருக்கின்றன?

இன்னொன்றும் உண்டு. ‘ஊர்’ என்று ஒற்றைச் சொல்லில் முடித்துவிடுகிறார்களே, எந்த ஊர்? 2022 டிசம்பரில் நம் மாவட்டத்து வேங்கைவயலில் தாழ்த்தப்பட்ட மக்கள் குடிக்கிற தண்ணீர்த் தொட்டியில் மலம் கலந்து கிடந்தது. பக்கத்து இறையூரில் டீக்கடையில் இரட்டைக் குவளை இருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. அப்படிப்பட்ட மண்ணிலே ஊர்ப் பெரியவர்கள் பத்துப் பேர் கமிட்டி அமைத்து நிதியைப் பங்கிட்டால், குழாய் முதலில் எந்தத் தெருவுக்குப் போகும்? சேரியில் இருப்பவர் மனு எழுதிக்கொண்டு யார் வாசலில் நிற்க வேண்டும்?

நம் மாவட்டத்துப் பெண்கள் இதற்குப் பதில் காட்டியிருக்கிறார்கள். 1990-ஐ ஒட்டிய ஆண்டுகளில், காண்டிராக்டர்களிடம் அடிமைபோல் கல் உடைத்த ஆயிரக்கணக்கான பெண்கள், குவாரிகளையே தங்கள் பெயருக்குக் குத்தகையாக வாங்கி நடத்தினார்கள். பழைய கடனை அடைத்தார்கள். காண்டிராக்டர்கள் துடித்த துடிப்பு கொஞ்சமல்ல; எந்த நன்கொடைக்கும் அவர்கள் அப்படித் துடித்ததில்லை.

ஆகவே வருகிற பணத்தை வேண்டாம் என்று தள்ளச் சொல்லவில்லை. கணக்கைக் கேளுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர் இருக்க வேண்டும். கூட்டத்தைப் பகலில் வைத்தால் கூலிக்காரத் தாய் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். வேலை விட்ட பிறகு வைக்கச் சொல்லுங்கள். மே 1 கிராம சபையில் எழுந்து நின்று, வந்த நன்கொடை எவ்வளவு, எந்தத் தெருவுக்கு என்ன செய்தது என்று படிக்கச் சொல்லுங்கள். பள்ளிச் சுவரிலே நன்கொடையாளர் பெயரைப் பொறிக்கட்டும். அதற்குக் கீழேயே, இந்த ஆண்டு இந்தப் பள்ளிக்கு அரசாங்கம் தரவேண்டியது இவ்வளவு, தந்தது இவ்வளவு என்பதையும் அதே அளவு எழுத்தில் எழுதச் சொல்லுங்கள்.